மூன்று பேரும் கடிக்காத அக்ரூட்

செல்வம் அந்த அக்ரூட் பருப்பை வாயில் வைக்கவே இல்லை. வைத்ததாகச் சொன்னது பொய். அன்றைக்கு என்னிடம் சொன்னதும் பொய், போன மாதம் இதே சஞ்சிகையில் நாலு பக்கத்துக்குச் சொன்னதும் பொய்.

பொறுப்பாசிரியர் என்னிடம் கேட்டது இதை அல்ல. "அக்கா, பொஸ்னியாக்காரியின்ர கடையில இருபத்திரண்டு வருசம் நிண்டனீங்கள். இப்ப எங்கட பிள்ளையள் நிறையப்பேர் இனிப்புக்கடை வேலைக்குப் போகினம். அவைக்குப் பிரயோசனமா ஏதாவது எழுதித் தாங்கோவன்" என்று போன் எடுத்தார். எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பிரயோசனமானதும் இதில் இருக்கும். ஆனால் முதலில் செல்வத்தின் விஷயம்.

பாரிசில், லா சப்பலில், செல்வத்தின் பக்லாவா இனிப்புக்கடை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பத்து வருடமாம். வெள்ளைத் தொப்பி போட்ட படத்தோடு பேட்டி வந்தது. அதில் இப்படிச் சொல்கிறார்: "நான் முன்பு வேலை செய்த கடையில், பெருநாளுக்கு முதல் நாள், தலைமை வேலைக்காரி ஒருவர் ருசி பார்க்காமல் பதினொரு தட்டு பக்லாவாவை அனுப்பிவிட்டார். அத்தனையும் கசப்பு. கண்டுபிடித்தது நான்தான். அன்றிலிருந்து ருசி பார்க்காமல் என் கையால் எதுவும் வெளியே போனதில்லை."

அந்தத் தலைமை வேலைக்காரி நான். அந்தக் கடையில் வேறு வேலைக்காரி இருந்ததில்லை. சஞ்சிகை வந்த அன்று பின்னேரமே பொபினியில் எங்கள் மாடியில் இருக்கிற பவளம் கதவைத் தட்டினாள். "யோகா அக்கா, இது உங்களைத்தானே சொல்லுறார்?" என்று கேட்டாள். ஓம், என்னைத்தான்.

எங்கள் கடை லா சப்பலில் இருந்து ஒபர்வில்லியே பக்கம் போகிற தெருவில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். முதலாளி பாதிலா. எல்லோருக்கும் மதாம். பொஸ்னியாவில் சண்டை நடந்தபோது ஓடிவந்தவர். நானும் சண்டையால் ஓடிவந்தவள். அதைப் பற்றி இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் கதைத்தது மொத்தம் அரை மணித்தியாலம் வராது. கதைத்துக்கொண்டிருந்தால் மாவு காய்ந்துவிடும்.

மதாமின் பிரெஞ்சு பாதி உடைந்தது. என்னுடையது முழுதாக உடைந்தது. ஆனாலும் அலுவல் நடந்தது. அவர் சொன்னதையெல்லாம் இங்கே எங்கட தமிழிலேயே எழுதுகிறேன். யோகராணி என்று அவருக்குச் சொல்ல வரவில்லை, யோகா என்று கூப்பிட்டார். அதைக் கேட்டுவிட்டு, கடைக்கு வருகிற பொஸ்னியக் கிழவர்கள் முதுகுவலிக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்பார்கள். "குனியாதேங்கோ" என்று சொல்லுவேன். ஒருவருக்குச் சுகமும் வந்தது.

முதல் இரண்டு வருடம் தட்டுக் கழுவினேன், மாவு பழகினேன், ஏச்சு வாங்கினேன். முதல் தரம் மாவை என் கையில் தந்தபோது வீச்சுரொட்டி நினைப்பில் தூக்கி வீசினேன். அது மேசை விளிம்பில் தொங்கியது. மதாம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "யோகா, இது மாவு. மீன் வலை இல்லை" என்றார். பிறகு என் வளையலைக் கழற்றச் சொன்னார். இன்னொரு நாள் பால்சோறு மாதிரி அவர்கள் செய்கிற சுத்லியாஷில் இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். ஒரு கிழவர் ஒரு கரண்டி தின்றுவிட்டு, மருந்துக்கடை மணக்கிறது என்றார். அதோடு என் கைப்பையில் ஏலக்காய் இருந்தால்கூட அதை வாசலில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று சட்டம் வந்தது.

இனிப் பிள்ளைகளுக்கு. பக்லாவாவுக்கு மாவுத்தாளைக் கடையில் வாங்குகிறார்கள். வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கையால் இழுப்பது எப்படி என்று தெரிந்துவிட்டு வாங்குங்கள்.

மாவு, இளஞ்சூட்டுத் தண்ணீர், எண்ணெய், உப்பு. குழைத்து, மேலே எண்ணெய் பூசி, சூடாக்கிய சட்டியால் மூடி அரை மணித்தியாலம் விடவேண்டும். இருபத்தைந்து நிமிடம் காணாது. மேசையில் துணி விரித்து மாவுத்தூள் தூவி, மெல்லிய நீள உருளையால் ஒரு பாய் அளவுக்கு உருட்டி, பிறகு கையை அதற்குக் கீழே விடவேண்டும். விரல் நுனி படக்கூடாது, நகம் கிழிக்கும். புறங்கையால் இழுக்கவேண்டும், மேசையைச் சுற்றி நடந்து நடந்து இழுக்கவேண்டும். எங்கள் மேசை விரிப்பில் நீலப் பூப் போட்டிருந்தது. மாவுக்குக் கீழே பூ தெரிந்தால் போதாது, பூவின் காம்பு தெரியவேண்டும். தொங்குகிற தடித்த விளிம்பை வெட்டி எறிந்துவிட்டுக் கொஞ்சம் உலர விடவேண்டும். தட்டில் தாள், அதன் மேல் அரைகுறையாக இடித்த அக்ரூட், பிறகு தாள், பிறகு அக்ரூட். சுடுவதற்கு முன்னமே கத்தியால் சாய்சதுரமாக வெட்டி, உருக்கிய வெண்ணெயை வெட்டிய கோட்டில் ஊற்றவேண்டும். பாகுக்குச் சீனி, தண்ணீர், எலுமிச்சம் துண்டு. ஊற்றும்போது தட்டு, பாகு இரண்டில் ஒன்று சுட்டால் மற்றது ஆறியிருக்கவேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் கஞ்சி. இரண்டும் ஆறியிருந்தால் பாகு மேலே நிற்கும், உள்ளே இறங்காது.

மதாம் கத்துகிற ஆள் இல்லை. தட்டைக் கருக்கினால், "சரி, இனி எந்தப் பக்கம் அடுப்பு கூடச் சுடுது எண்டு உனக்குத் தெரியும்" என்பார். பாகை நிலத்தில் கொட்டினால் வழுக்கி விழாதே என்பார். ஆனால் செய்யாததைச் செய்தேன் என்றால் வேலை இல்லை. அது ஒன்றுதான் அவருடைய சட்டம். ஒருமுறை வேலைக்கு நின்ற ஒருவர், மாவை அரை மணித்தியாலம் மூடி வைத்தேன் என்றார். மதாம் விரலால் மாவைத் தொட்டார். அந்த ஆளின் மேல்சட்டையைத் தானே எடுத்துவந்து, அவர் போட்டுக்கொள்ளப் பிடித்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டார். குரல் உயரவே இல்லை.

றமழான் மாதத்தில் மதாம் பகலில் எதையும் வாயில் வைக்கமாட்டார். ஆனால் கடைக்கு வருடத்திலேயே பெரிய வேலை அந்த மாதம்தான். முதல் றமழானில் என்னைக் கூப்பிட்டு, "ஒரு மாசத்துக்கு உன்ர நாக்குத்தான் என்ர நாக்கு" என்றார். எப்படி ருசி பார்ப்பது என்று பழக்கினார். புதுச் சாக்குத் திறந்தால் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று அக்ரூட் எடுக்கவேண்டும். ஒவ்வொன்றாக மென்று விழுங்கி, இருபது வரை எண்ணவேண்டும். பழைய அக்ரூட்டின் காறல் கசப்பு முதலில் தெரியாது, தொண்டைக்குப் போனபிறகுதான் எழும்பும். மூக்கை நம்பக்கூடாது. வெண்ணெயும் எலுமிச்சையும் மணக்கிற இடத்தில் மூக்கு எதற்கும் உதவாது.

ஏழு வருடம் நான் அவருடைய நாக்காக இருந்தேன். இதை எழுதும்போதுகூட எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எட்டாவது வருடம் பெருநாளுக்கு முதல் நாளே கந்தசஷ்டி தொடங்கியது. பெருநாளை அவர்கள் பைராம் என்பார்கள். அந்த வருடம் என் மகளுக்குக் காதில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஆறு நாளும் பின்னேரம் ஒரு பாலும் பழமும், மற்றபடி பச்சைத்தண்ணீர் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தேன். மதாமுக்குச் சொல்லவில்லை. பைராமுக்கு முதல் நாள் போய், இன்றைக்கு என் நாக்கு லீவு என்று எப்படிச் சொல்வது?

அன்று காலை பழைய அக்ரூட் முடிந்து புதுச் சாக்குத் திறந்தோம். பதினொரு வீட்டுத் தட்டு அடுக்கியிருந்தது. அந்தச் சனம் தங்கள் வீட்டுத் தட்டையே கொண்டுவந்து தரும். அடியில் ஆணியால் பெயரின் முதலெழுத்தைக் கீறியிருப்பார்கள். பைராம் காலையில் வீட்டுக்கு வருகிற ஆளுக்குக் கோப்பியும் அந்தத் தட்டில் இருந்து ஒரு துண்டும் கொடுக்காவிட்டால் அது பெருநாளே இல்லை.

செல்வம் சேர்ந்து மூன்று மாதம். வன்னியில் இருந்து வந்தவர், என் வயதுதான், முப்பத்தெட்டு இருக்கும். தட்டுக் கழுவுகிற வேலை. வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்குச் சஷ்டியும் இல்லை, நோன்பும் இல்லை. மூன்று அக்ரூட்டை எடுத்து அவரின் கையில் வைத்தேன்.

"செல்வம், நான் விரதம். இதை ஒவ்வொண்டாச் சப்பி விழுங்கிப்போட்டு இருபது எண்ணும். காறினால் உடன சொல்லும்."

"மூண்டும் திண்டால் கூலியும் தருவியளோ அக்கா?"

"பகிடியை விடும். இதுதான் இண்டைக்குப் பெரிய வேலை."

அடுப்பில் பாகு பொங்கியது. திரும்பி அதைக் குறைத்துவிட்டு வந்தேன். அவர் கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"பாத்தீரோ?"

"ஓம் அக்கா. நல்லாத்தான் இருக்கு."

பத்து நிமிடத்தில் மதாம் உள்ளே வந்தார். "புதுச் சாக்கு எப்பிடி? பாத்தியோ?" நான் ஓம் என்றேன். அதுதான் நான் செய்தது. நான் பார்க்கவில்லை, ஓம் என்றேன். இதை நான் ஒளிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் பதினொன்றும் வெந்து, பாகு குடித்து, பின்னேரம் எல்லாத் தட்டும் வீடுகளுக்குப் போய்விட்டன.

மறுநாள் பைராம். விடிந்து கொஞ்ச நேரம், ஆண்கள் எல்லாம் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மதாம் புதுச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, கடைக்கென்று வைத்திருந்த பக்லாவாவில் ஒரு துண்டு எடுத்தார். முப்பது நாள் நோன்புக்குப் பிறகு பகலில் வாயில் வைக்கிற முதல் சாப்பாடு. கடித்தார். மென்றார். நிறுத்தினார். எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கைக்குட்டையில் துப்பினார்.

"யோகா, இதைத் தின்."

நான் அசையவில்லை.

"தின் எண்டுறன்."

"மதாம், நான் விரதம்."

"நீயுமோ? எப்ப துடக்கம்?"

"நேற்றையில இருந்து."

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாயிருக்கு! ரெண்டு பேரும் கடவுளுக்குப் பயந்தம். அக்ரூட்டுக்கு ஒருத்தரும் பயப்படேல்லை." அந்தச் சிரிப்பு உடனே போய்விட்டது. "அப்ப நேற்று ஆர் பாத்தது?"

செல்வம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குழாயைத் திறந்துவிட்டார். கழுவத் தட்டு ஒன்றும் இருக்கவில்லை.

அவருடைய வதிவிட அலுவல் அப்போது முடிந்திருக்கவில்லை. பிரெபெக்சர் கந்தோரில் கொடுக்கவேண்டிய வேலைக் கடிதத்தை மதாம் எழுதி, கையெழுத்துப் போடாமல் மேசை லாச்சியில் வைத்திருந்தார். அது எனக்கும் தெரியும், செல்வத்துக்கும் தெரியும். அவர் பெயரைச் சொன்னால் மேல்சட்டையும் திறந்த கதவும்தான்.

"ஒருத்தரும் பாக்கேல்லை மதாம்," என்றேன். "நான் பாக்காமல் ஓம் எண்டிட்டன்."

மதாம் என்னை வேலையால் கலைக்கவில்லை, நானே பிழையை ஒப்புக்கொண்டதாலோ என்னவோ. முதலில் தொலைபேசியை எடுத்தார். பதினொரு வீட்டுக்கும் தானே பேசினார். "தட்டைத் திறக்காதேங்கோ. பிழை எங்கட. மத்தியானத்துக்கு முன்னம் வாறன்" என்றார். அவ்வளவுதான், விளக்கம் ஒன்றும் இல்லை. பிறகு கையைச் சுருட்டிக்கொண்டு, "ஹுர்மாஷிட்சா" என்றார்.

அது அக்ரூட் தேவைப்படாத இனிப்பு. வெண்ணெய், முட்டை, தயிர், மாவு. பேரீச்சம்பழம் அளவுக்கு உருட்டி, தேங்காய் அல்ல, சீஸ் துருவுகிற துருவியின் முதுகில் அழுத்தி எடுத்தால் மேலே புள்ளி புள்ளியாக வரும். நெருக்கி அடுக்கிச் சுட்டுப் பாகு ஊற்றினால் முடிந்தது. மாவை இழுக்கவும் வேண்டாம், உலர விடவும் வேண்டாம். நான் உருட்டினேன், மதாம் அழுத்தினார், செல்வம் அடுக்கினார். இரண்டரை மணித்தியாலத்தில் பதினொரு வீட்டுக்கும் காணும் அளவு முடித்தோம். மதாமின் மருமகன் வேனைக் கொண்டுவந்தார்.

வேனில் ஏற்றும்போது செல்வத்தைக் கேட்டேன். "பாத்தனான் எண்டெல்லோ சொன்னீர்?"

"பாத்தனான் அக்கா. சத்தியமா எனக்குக் கசக்கேல்லை."

நான் நம்பினேன். சிலருக்கு நாக்கு மழுங்கல், அதற்கு ஆளைப் பிழை சொல்லக்கூடாது என்று நினைத்தேன். இருபது வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மதாம் தானே இறங்கி, தட்டை இரண்டு கையாலும் கொடுத்து, பிழை எங்களது என்றார். எல்லோரும் நல்ல மாதிரி. லெ பிளாங்-மெனிலில் மட்டும் ஒரு கிழவர் சொல்லுக்கேளாமல் மூன்று துண்டு தின்றுவிட்டிருந்தார். "கசந்ததுதான். நான் அது என்ர புதுப் பல்லுச்செட்டு எண்டு நினைச்சன்" என்றார்.

எனக்குத் தண்டனை அடுத்த நாள் வந்தது. மூன்று மாதம் ஆப்பிள் சீவினேன். துஃபாஹியா என்று ஓர் இனிப்பு. புளிப்பு ஆப்பிளைத் தோல் சீவி, நடுவைக் குடைந்து, கறுக்காமல் எலுமிச்சைத் தண்ணீரில் போட்டு, சீனித் தண்ணீரில் அவிக்கவேண்டும். முள்ளுக்கரண்டி இறங்கவேண்டும், ஆப்பிள் குழைந்து உட்காரக்கூடாது. உள்ளே அக்ரூட்டும் பாலாடையும், மேலே அடித்த கிரீம். தின்னுகிற ஆளுக்குச் சொர்க்கம். ஒரு நாளைக்கு நூறு சீவுகிற ஆளுக்கு விரல் நுனி எலுமிச்சையில் வெந்து கிடக்கும். நான் ஆப்பிளோடு இருந்த அந்த மூன்று மாதமும் என் மேசையில், என் உருளையோடு மாவு இழுக்கப் பழகினவர் செல்வம். இன்று பேட்டியில் காட்டுகிற கைவேலை எல்லாம் அந்த மூன்று மாதத்தில் வந்தது. மதாம் அவருடைய கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். அது எனக்குச் சந்தோசம்தான். பொய் எழுதக்கூடாது, அன்று சந்தோசம்தான்.

ஆனால் அடுத்த றமழான் வந்தபோது மதாம் என்னைக் கூப்பிடவில்லை. எதிரில் செருப்புத் தைக்கிற போர்த்துக்கீசக்காரரைக் கூப்பிட்டு மூன்று அக்ரூட் கொடுத்தார். அந்த மனிதன் கையில் பிசின் மணக்க நின்று, மென்று, இருபது எண்ணி, "போன்", நல்லது, என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த வருடமும் அவர்தான். நான் வேலையை விட்டு நிற்கும்வரை பதினாலு வருடம், ஒரு றமழானிலும் என் நாக்கை மதாம் கேட்கவில்லை. மற்ற எல்லாம் பழையபடிதான். உருளை திரும்பி வந்தது, கடைத் திறப்பு என்னிடம்தான் இருந்தது, மகளின் கலியாணத்துக்கு இரண்டு பெரிய தட்டு ரோசாப்பூ மாதிரிச் சுருட்டிய பக்லாவா கொண்டுவந்து முன்வரிசையில் இருந்தார். ஆனால் ருசிக்குச் செருப்புக்கடைக்காரர். நான் அதைப் பற்றி ஒரு நாளும் அவரிடம் வாய் திறக்கவில்லை. திறந்தால் செல்வத்தைக் காட்டிக்கொடுக்கவேண்டி வரும்.

இனிப் பேட்டியின் கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். முதல் பக்கத்தைத்தான் எல்லோரும் படித்திருப்பீர்கள். கடைசிப் பக்கத்தில் பொறுப்பாசிரியர், உங்கள் பக்லாவாவில் ஏன் அக்ரூட் இல்லை, பிஸ்தா மட்டும்தானே என்று கேட்கிறார். செல்வம் சொல்கிறார்: "பாரிசுக்கு வந்த புதிதில், வேலை ஒன்றும் கிடைக்கமுன், யாரோ தந்த அக்ரூட் ஒன்றைத் தின்று தொண்டை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை."

பொறுப்பாசிரியரே, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒன்றாக வைத்து வாசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லையா? இன்றுவரை ஒன்றைக்கூட வாயில் வைக்காத ஆள் பதினொரு தட்டின் கசப்பை எதை வைத்துக் கண்டுபிடித்தார்? முழங்காலை வைத்தா?

நான் அந்தப் பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் குசினியில் மூன்று பேர் நின்றோம். ஒருத்தி நோன்பு, ஒருத்தி சஷ்டி, ஒருவருக்குத் தொண்டை வீங்கும். மூன்று பேரும் அக்ரூட்டை மாறி மாறிக் கையில் கொடுத்திருக்கிறோம்.

சிரித்து முடிந்தபிறகுதான் கோபம் வந்தது. செல்வம், அக்ரூட் உமக்கு ஒத்துவராது என்று அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் தெருவைக் கடந்துபோய் அந்தப் போர்த்துக்கீசக்காரரை அன்றே கூட்டிவந்திருப்பேன். வேலை போய்விடும் என்று பயந்தீர். அது எனக்கு விளங்கும். நானும் பயந்துதான் சஷ்டியை மதாமுக்குச் சொல்லவில்லை. தொட்டிப் பக்கம் திரும்பி நின்றதையும் விடுகிறேன். வேனடியில் சத்தியம் பண்ணினதையும் விடுகிறேன். ஆனால் நான் மூடி வைத்ததை நீரே திறந்து, தலைகீழாக மாற்றி, வெள்ளைத் தொப்பி போட்டு அச்சில் ஏற்றினீரே, அதை விடமாட்டேன்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு உமது கடையின் பத்தாவது வருட விழா. அழைப்பிதழ் எனக்கும் வந்தது. பிரதம விருந்தினர் மதாம் பாதிலா. லெ பிளாங்-மெனிலில் மகளோடு இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது, கண் கொஞ்சம் மங்கல், காது நல்லாகக் கேட்கும். அவருக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறீராம். இன்றுவரை அவர் மனதில் இருப்பது, அந்தச் சாக்கை வேறு ஆளிடமும் கொடுத்துப் பார்க்காமல் யோகா தன்னிடம் சும்மா பொய் சொன்னாள் என்பதுதான்.

நான் வருவேன். இரண்டாம் வரிசையில் இருப்பேன். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் கதைக்கவேண்டாம். போன் எடுக்கவேண்டாம். அடுத்த இதழில் சின்ன எழுத்தில் வருத்தம் போடவும் வேண்டாம், மதாமுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பொன்னாடையைக் கையில் எடுக்கமுன், ஒலிவாங்கியில், பிரெஞ்சில், மதாமின் முகத்தைப் பார்த்து இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லும். என் பங்கை நான் இங்கே சொல்லிவிட்டேன், அங்கேயும் எழும்பிச் சொல்லுவேன்.

அன்றைக்கு நான் உமது கையில் வைத்த மூன்று அக்ரூட்டில் ஒன்றையாவது கடித்தீரா, இல்லையா?